கேசட் திரும்பிய இடம்

1978 டிசம்பர் 31 இரவோடு சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கை மூடிவிடுவதாக முடிவாகியிருந்தது. கடைசிக் கச்சேரி கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவுடையது. ரசிகர்கள் அங்கே ஒரு பதாகையைத் தொங்கவிட்டிருந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கடைசியாக ‘டார்க் ஸ்டார்’ என்ற அவர்களுடைய பாட்டு ஒலித்து 1,535 நாட்கள் ஆகின்றன என்று அதில் எழுதியிருந்தது. நான் ஒருமுறை நாட்காட்டியை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். குழு நீண்ட ஓய்வுக்குப் போகுமுன் அதே அரங்கில் 1974 அக்டோபர் 18 அன்று அந்தப் பாட்டை வாசித்திருந்தது. அங்கிருந்து எண்ணினால் ஒரு நாள்கூடப் பிசகவில்லை. அன்றிரவு அவர்களுக்கு டார்க் ஸ்டார் கிடைத்தது.

ஒரு பாட்டுக்காக நாள் எண்ணியவர்களை என்னால் அந்நியர்களாக நினைக்க முடிவதில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நானும் இதே பாட்டின் வெவ்வேறு இரவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னோடு சேர்ந்து கேட்கும் நண்பர் ஒருவர் உண்டு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் அழைப்பேன். எங்கள் இருவருக்கும் இடையில் ஏழெட்டு ஆண்டுகள் தீராமல் இருந்த ஒரு வழக்கைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கிரேட்ஃபுல் டெட் நாட்டுப்புற இசையிலிருந்து முளைத்த ராக் குழு. அதன் கித்தார் கலைஞர் ஜெர்ரி கார்சியா முதலில் பாஞ்சோ வாசித்துக்கொண்டிருந்தவர். 1964-இல் அவரும் பாப் வியரும் பிக்பென்னும் சேர்ந்து நடத்தியது, ஜாடியை ஊதி வாசிக்கும் பழைய பாணி ஜக் இசைக்குழு ஒன்றை. மின்கித்தாரைக் கையில் எடுத்த பிறகும் அந்த வேர் அவர்களை விட்டுப் போகவில்லை. பேஸ் கித்தார் வாசித்த ஃபில் லெஷ் வேறு திசையிலிருந்து வந்தவர். டிரம்பெட் பயின்றவர், மில்ஸ் கல்லூரியில் இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சியானோ பெரியோவிடம் நவீன இசை படித்தவர். இந்த இரண்டு திசைகளும் ஒரே மேடையில் சந்தித்தால் என்ன நடக்கும் என்று கேட்பவருக்கு நான் டார்க் ஸ்டாரைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

1967 செப்டம்பரில் கவிஞர் ராபர்ட் ஹண்டர் குழுவோடு வந்து சேர்ந்தார். வடக்கு கலிஃபோர்னியாவின் ரியோ நிடோவில் அவர்கள் வாசித்துக்கொண்டிருந்த இசையைக் கேட்டபடியே முதல் சரணத்தை எழுதினார். மோதி நொறுங்கும் ஒரு விண்மீன், சாம்பலாகக் கொட்டும் அதன் ஒளி, போகலாமா நாம் இருவரும் என்று கேட்கும் ஒரு குரல். வார்த்தைகள் அவ்வளவுதான். 1968-இல் சிறு இசைத்தட்டாக வந்தபோது மொத்தப் பாட்டும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. கடைசியில் ஒரு பாஞ்சோ ஒலி எங்கிருந்தோ வந்து மறையும். அந்தத் தட்டு விற்கவில்லை.

மேடையில் அதே பாட்டு வளர ஆரம்பித்தது. 1968-இன் தொடக்கப் பதிவுகளில் அது விரைவாக நடக்கும் ஆறு நிமிடப் பாட்டு. ஓராண்டுக்குள் இருபது நிமிடத்தைத் தாண்டிவிட்டது. 1972 மே 11 அன்று ராட்டர்டாமிலும், 1973 டிசம்பர் 6 அன்று கிளீவ்லேண்டிலும் நாற்பது நிமிடத்துக்கும் மேல் போனது. இவ்வளவுக்கும் அடியில் இருப்பது மிக எளிய சட்டகம். ‘ஏ’ சுருதியில் மிக்ஸோலிடியன் என்று மேற்கத்தியர்கள் சொல்லும் சுர வரிசை. நமக்குத் தெரிந்த பெயரில் சொன்னால் ஹரிகாம்போஜியின் ஆரோகண அவரோகணம். ராகம் என்று சொல்லிவிட முடியாது, கமகமும் பிடிப்பும் வேறு. ஆனால் பழகிய காதுக்கு உள்ளே நுழைய ஒரு வாசல் அது. முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு சிறு சொற்றொடரை வாசிப்பார்கள். கூட்டம் அதைக் கேட்ட கணமே ஆரவாரிக்கும். அதன்பின் யாரும் எங்கும் போகலாம். சரணம் எப்போது வரும் என்று எழுதி வைக்கவில்லை. சில இரவுகளில் இரண்டாவது சரணம் வரவே வராது.

ஒப்பிடும் பழக்கத்துக்குக் காரணமே இதுதான். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வாசிக்கும் குழுவின் கச்சேரிகளில் ஒன்றைக் கேட்டால் போதும். இவர்கள் கார்சியா இறந்த 1995 வரை முப்பது ஆண்டுகள் மேடையில் இருந்தார்கள். டார்க் ஸ்டாரை இருநூறு தடவைக்கு மேல் வாசித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் வேறு. ரசிகர்கள் பதிவு செய்வதை அவர்கள் தடுக்கவில்லை. 1984 அக்டோபரில் பெர்க்லியில் தொடங்கி டேப்பர்கள் எனப்பட்ட இந்தப் பதிவாளர்களுக்கென்றே அரங்கில் தனிப் பகுதி ஒதுக்கி, டிக்கெட்டும் தனியாக விற்றார்கள். ஒலிவாங்கிக் கம்பங்கள் அங்கே நாணற்காடு போல நிற்கும். நாடாக்கள் கைமாறும்போது காசு வாங்கக் கூடாது என்பதுதான் எழுதாத சட்டம். வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் போதும், முகம் தெரியாத ஒருவர் உட்கார்ந்து பிரதி எடுத்துத் தருவார்.

பிரதிக்குப் பிரதி இரைச்சல் கூடும். அதைத் தலைமுறை என்பார்கள். மூன்றாம் தலைமுறை என்றால் பரவாயில்லை, ஏழாம் தலைமுறை என்றால் மழைக்குள் நின்று கேட்பது போல இருக்கும். மேடையின் கலவைப் பலகையிலிருந்து நேரே எடுத்தது சவுண்ட்போர்டு பதிவு, கூட்டத்துக்குள்ளிருந்து எடுத்தது ஆடியன்ஸ் பதிவு. முதலாவதில் ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகத் தெரியும். இரண்டாவதில் அரங்கின் காற்றும் கூட்டத்தின் மூச்சும் சேர்ந்து வரும். எது மேல் என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை.

அண்ணனும் நானும் கேட்கும் முறை இப்படி. ஒரு நோட்டுப் புத்தகம். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் ஓர் இரவு, வலப்பக்கம் இன்னோர் இரவு. நிமிடத்தை ஓரத்தில் எழுதுவோம். “4:10, பேஸ் கீழே இறங்குகிறது, கித்தார் கவனிக்கவில்லை.” “4:30, கவனித்துவிட்டது.” இப்படி. பாட்டு ஓடும்போது பேசக் கூடாது. முடிந்த பிறகுதான் நோட்டுகளை மாற்றிக்கொள்வோம். இருவரும் ஒரே நொடியில் ஒரே விஷயத்தைக் குறித்திருந்தால் அன்றைக்கு மனம் நிறைந்துவிடும்.

எல்லோரும் தொடங்கும் இடத்தில்தான் நாங்களும் தொடங்கினோம். 1969 பிப்ரவரி 27, ஃபில்மோர் வெஸ்ட் அரங்கு. ‘லைவ்/டெட்’ என்ற தொகுப்பில் முதல் பக்கம் முழுக்க நிறைந்திருக்கும் 23 நிமிடம். ராக் கச்சேரியை 16 தடங்களில் பதிவு செய்த முதல் முயற்சிகளில் ஒன்று அது. பதிவு செய்தவர்கள் பாப் மேத்யூஸும் பெட்டி கேன்டரும். எங்கோ தூரத்தில் நடந்துகொண்டிருக்கும் இசை மெல்ல அருகில் வருவது போலத் தொடங்கும். முதல் சரணம் வர ஆறு நிமிடம் ஆகிறது. அதுவரை இரண்டு தாளக்காரர்களும் தோலைத் தொடாமலே காலம் ஓட்டுகிறார்கள். வரிவரியாகக் கீறிய சுரைக்காயைக் குச்சியால் சுரண்டும் ஒலி, நெல் புடைக்கும் முறத்தின் சத்தம் போல, சீராக வந்துகொண்டே இருக்கும். டாம் கான்ஸ்டன்டனின் ஆர்கன் அடியில் ஒரு மெல்லிய தரையை விரிக்கிறது. கார்சியா ஒவ்வொரு சுரத்தையும் தட்டிப் பார்த்துவிட்டே அடுத்ததுக்குப் போகிறார். முதன்முதலாகக் கேட்பவருக்கு இதைத்தான் இப்போதும் கொடுக்கிறேன். குற்றம் சொல்ல ஓர் இடம்கூட இல்லை. அதனாலேயே இதைப் பற்றி நாங்கள் அதிகம் வாதாடியதும் இல்லை.

வழக்கு வந்தது அடுத்த ஆண்டின் பதிவில். 1970 பிப்ரவரி 13, நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள், அதனால் ரசிகர்கள் நடுவில் அதன் பெயர் 2/13/70. என்னிடம் அது ஒரு தொண்ணூறு நிமிடக் கேசட்டில் இருந்தது. பல கைகள் மாறி வந்த பிரதி. அட்டையில் பச்சை மையில் சிறுசிறு எழுத்துகளாகப் பாட்டுப் பெயர்கள். டார்க் ஸ்டார் முதல் பக்கத்தின் கடைசியில் தொடங்கி இரண்டாம் பக்கத்தில் முடியும். நடுவில் கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட வேண்டும்.

நான் அந்தப் பதிவைப் பற்றி வைத்திருந்த கருத்து இதுதான்: இது அவசரக்காரர்களின் டார்க் ஸ்டார். சரணம் முடிந்ததும் ஒரே தாவலில் உச்சிக்குப் போகிறார்கள். கார்சியாவும் லெஷ்ஷும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறுவது போல ஏறுகிறார்கள். அழகுதான், ஆனால் அந்த அழகுக்கு அவர்கள் உழைக்கவில்லை என்று எழுதி வைத்திருந்தேன்.

அண்ணனுக்கோ எல்லா டார்க் ஸ்டார்களிலும் பொறுமையானது இதுதான்.

“சரணத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் தம்பி! யாரும் யாரையும் முந்தவில்லையே.”

“காத்திருக்கவே இல்லையே, அண்ணா. பாய்ந்து போகிறார்கள்.”

“நீ கேட்கவில்லை.”

அந்த ஒரு சொல் என்னைச் சுட்டது. நானா கேட்கவில்லை? அந்தக் கேசட்டின் நாடா தேயும் அளவுக்குக் கேட்டவன் நான். அவர் அப்போது வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார். சேர்ந்து உட்கார்ந்து கேட்க வழியில்லை. தொலைபேசியிலும் கடிதத்திலும் இதே வாதம். அவர் காத்திருப்பு என்பார், நான் தாவல் என்பேன். காத்திருப்பு என்று அவர் சொன்னதை, நினைவில் இசையை அழகுபடுத்திக்கொள்ளும் பழக்கம் என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

இடையில் மற்ற இரவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அண்ணனின் மனம் ஒட்டிக்கொண்ட இன்னோர் இரவு, உண்மையில் ஒரு மாலை, 1972 ஆகஸ்ட் 27, ஓரிகான் மாநிலத்தின் வெனீட்டா. ஒரு பால்பண்ணையைக் கடனிலிருந்து காப்பாற்ற நடந்த திறந்தவெளிக் கச்சேரி. அந்தப் பண்ணையின் தயிர் டப்பாவில் ஒட்டும் லேபிள்களிலேயே டிக்கெட்டை அச்சடித்தார்கள். வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிக் கொளுத்தியது. கித்தார்த் தந்திகள் சுருதியில் நிற்க மறுத்தன. சூரியன் இறங்கும் நேரத்தில் டார்க் ஸ்டாரைத் தொடங்கினார்கள். அரை மணி நேரத்துக்கு மேல்.

இதற்குள் குழுவே மாறியிருந்தது. மிக்கி ஹார்ட் 1971-இல் விலகிவிட்டதால் ஒரே தாளக்காரர், பில் கிரொய்ட்ஸ்மன். இருவர் சேர்ந்து உருட்டிய பாறையை ஒருவர் பந்தாக மாற்றிவிட்டார் என்பேன். திசை திரும்ப வேண்டுமென்றால் இவர் ஒருவர் திரும்பினால் போதும். ஆர்கன் போய், கீத் காட்சோவின் பியானோ வந்திருந்தது. பியானோவின் ஒலி அடித்த கணத்திலிருந்து தேயத் தொடங்குகிறது. அதனால் இடைவெளிகள் திறந்துகொள்கின்றன. அந்த ஆண்டில் கார்சியா ஒரு காரியம் செய்வார். கித்தார் ஒலியை அழவைப்பது போல வளைக்கும் வா-வா மிதியை அழுத்திக்கொண்டு, சுரங்களை மேலும் மேலும் வேகமாக நெருக்கி, கடைசியில் கித்தார் உறுமும்படி ஆக்கிவிடுவார். ரசிகர்கள் அதற்கு ‘டைகர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு இப்படிப்பட்ட பெயர்கள் மைல்கற்கள் மாதிரி. டைகர் வந்ததா, எத்தனையாவது நிமிடத்தில், வந்த பிறகு யார் முதலில் மூச்சு விட்டார்கள் என்று கேட்டுக்கொள்வோம். வெனீட்டாவில் எனக்குப் பிடித்தது டார்க் ஸ்டார் முடிகிற இடம். அத்தனை பாழ்வெளியையும் கடந்து வந்த குழு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ‘எல் பாஸோ’ என்ற பழைய கௌபாய் பாட்டுக்குள் நுழைகிறது. காதலும் துப்பாக்கியும் குதிரையுமாக ஒரு கதைப்பாட்டு. வெகுதூரம் போனவர்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவது போல இருக்கும். முளைத்த வேருக்கே திரும்பினார்கள் என்று எனக்குப் படும். கேட்கும் ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது.

எண்பதுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாட்டு ஏறக்குறைய மறைந்தே போனது. 1984 ஜூலையில் பெர்க்லியில் ஒருமுறை வந்தது, பிறகு ஐந்து ஆண்டுகள் இல்லை. 1989 அக்டோபர் 9 அன்று வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில், தங்கள் பழைய பெயரான வார்லாக்ஸைச் சொல்லி அறிவித்த கச்சேரியில், திடீரென்று வாசித்தார்கள். அந்தப் பதிவில் முதல் சுரங்களுக்கு மேல் எழும் கூட்டத்தின் முழக்கத்தைக் கேட்டிருக்கிறீர்களா? இசையையே சில விநாடிகள் மூழ்கடித்துவிடுகிறது. அடுத்த மார்ச்சில் நியூயார்க் அருகே நாசோ அரங்கில் ஜாஸ் கலைஞர் பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் சாக்ஸஃபோனோடு வந்து சேர்ந்தார். அவரும் ஒருவரையும் முந்தவில்லை. கார்சியா விட்ட இடத்தை நிரப்பாமல், அதன் ஓரத்தில் நின்று வாசிக்கிறார். கடைசி டார்க் ஸ்டார் 1994 மார்ச் 30, அட்லாண்டா.

ஒப்பிடுவதையே ஓர் இசைப்படைப்பாக்கியவர் கனடாவின் ஜான் ஆஸ்வால்ட். லெஷ் அழைத்ததன் பேரில் குழுவின் நாடாக் கிடங்குக்குள் போனார். 1968 முதல் 1993 வரையிலான நூற்றுக்கும் மேற்பட்ட டார்க் ஸ்டார்களை அடுக்கடுக்காக வைத்து, ஒன்றுக்குள் ஒன்றை மடித்து, ‘கிரேஃபோல்டட்’ என்ற தொகுப்பை உருவாக்கினார். 1994-இலும் 1995-இலும் இரண்டு பகுதிகளாக வந்தது. இளம் கார்சியாவும் முதிய கார்சியாவும் ஒரே வரியைச் சேர்ந்து பாடுகிறார்கள். பிரமிப்பாக இருந்தது. ஆனால் எனக்கு ஒரு குறை தெரிந்தது. அங்கே எல்லா இரவும் ஒரே நேரத்தில் நடப்பதால் யாரும் எதற்காகவும் தயங்க வேண்டியதில்லை. அடுத்து என்ன என்று தெரியாமல் ஐந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் கணம் அதில் காணாமல் போய்விடுகிறது.

இதை எழுதும்போதுதான் தெரிகிறது, அண்ணன் சொன்ன பக்கத்துக்கு நான் எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று. எது சிறந்த டார்க் ஸ்டார் என்ற கேள்விக்கு ரசிகர்கள் நிமிடக் கணக்கைச் சொல்வார்கள், டைகரைச் சொல்வார்கள், ஒலித்தரத்தைச் சொல்வார்கள். எனக்கு இப்போது வேறு அளவுகோல். பாடியாகிவிட்டது, பிடித்து நிற்கத் தாளமும் இல்லை, மெட்டும் இல்லை. அந்த இடத்தில் அவர்கள் எப்படி நிற்கிறார்கள்? பயந்துபோய் எதையாவது வாசிக்கிறார்களா, அல்லது ஒன்று தானாக வரும்வரை பொறுத்திருக்கிறார்களா?

இந்த அளவுகோல் எனக்குக் கிடைத்தது அந்த வழக்கு தீர்ந்த அன்று.

குழுவின் நாடாக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் டிக் லாட்வாலா. நாடா சேகரிக்கும் ரசிகராக இருந்து அந்த வேலைக்கு வந்தவர். அவர் பெயரில் வெளிவந்த ‘டிக்ஸ் பிக்ஸ்’ வரிசையின் நான்காம் தொகுப்பு, 1996-இல் வந்தது, இந்த ஃபில்மோர் ஈஸ்ட் இரவுகளைத்தான் கொண்டது. அது என் கைக்கு வர மேலும் சில ஆண்டுகள் ஆயின. வந்த நாளில் கேசட்டையும் வைத்துக்கொண்டு, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். சரணம் வரை எல்லாம் ஒன்றுதான். சரணம் முடிந்தது. என் காது வழக்கம்போல அந்தத் தாவலுக்குத் தயாரானது. தாவல் வரவில்லை.

தாளம் நின்றுவிட்டது. காங் என்ற பெரிய உலோகத் தட்டின் அதிர்வு. கித்தாரிலிருந்து கிளம்பி அடங்கும் ஒரு மெல்லிய ஊளை. பிறகு ஏறக்குறைய மௌனம். நியூயார்க்கில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் ஓர் அரங்கம் முழுவதும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறது. நான் எதிர்பார்த்திருந்த ஏற்றம் அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது, ஒவ்வோர் அடியாக, கிட்டத்தட்ட விருப்பமில்லாமல்.

என் கேசட்டில் அந்த நிமிடங்கள் இல்லை. எந்தத் தலைமுறையில் என்று தெரியாது, யாரோ ஒருவர் பிரதி எடுக்கும்போது, கேசட்டின் முதல் பக்கம் முடியப்போவதைப் பார்த்திருக்கிறார். இசை அடங்கியதும், சரி, இங்கே ஒன்றும் இல்லை என்று நினைத்து, அந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பியிருக்கிறார். மூல நாடா அதுபாட்டுக்கு ஓடியிருக்கிறது. மறுபடி இசை கிளம்பும்போது பதிவை அழுத்தியிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏறக்குறைய அரை மணி நேரப் பாட்டின் உயிரை வெற்று நாடா என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான். நானும் ஏழெட்டு ஆண்டுகள் அப்படித்தானே கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணனிடம் இருந்தது வேறு கை வழியாக வந்த பிரதி. ஒரே இரவைப் பற்றி வாதாடுகிறோம் என்று நினைத்து, இரண்டு வெவ்வேறு டார்க் ஸ்டார்களைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தோம்.

தொலைபேசியில் சொன்னேன். அவர் வெற்றி கொண்டாடவில்லை. “அப்படியென்றால் நீ சொன்னதும் சரிதான் தம்பி. உன்னிடம் இருந்ததில் அவர்கள் தாவத்தான் செய்தார்கள்,” என்றார். சற்று நேரம் கழித்து, “அந்தக் கேசட்டை அழித்துவிடாதே, நானும் கேட்க வேண்டும்,” என்றார்.

அடுத்த முறை அவர் வந்தபோது முதலில் கேசட்டைத்தான் போடச் சொன்னார். சரணம் முடிந்து முதல் பக்கம் நின்றதும், எழுந்து திருப்பிப் போட்டேன். அந்தத் தாவலைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினார், என்னிடம் காட்டவில்லை. பிறகு டிக்ஸ் பிக்ஸ் குறுவட்டைப் போட்டோம். இருவரும் எதையும் குறிக்கவில்லை. சரணம் வந்தது, முடிந்தது, தாளம் நின்றது. மௌனம் தொடங்கிய அந்த இடத்தில் அண்ணன் எழுந்து போய் ஒலியளவைக் கூட்டினார். காங்கின் அதிர்வு இன்னும் முடியவில்லை என்பது அப்போதுதான் கேட்டது.